வழியும் ஊரும்

தமிழில் 'நெறி' என்னும் சொல் இரு பொருள் தருவது. காலால் நடக்கும் பாதையும் நெறி. கருத்தால் நடக்கும் ஒழுக்கமும் நெறி. 'ஆறு' என்னும் சொல்லும் அத்தகையதே. நீர் ஓடுவதும் ஆறு, மக்கள் செல்லும் வழியும் ஆறு, அறம் செல்லும் முறையும் ஆறு. பாதைக்கும் ஒழுக்கத்திற்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர் சொற்பஞ்சத்தால் அவ்வாறு செய்திலர். ஒருவன் எவ்வழியே செல்கிறான், செல்லும்போது எவ்வாறு செல்கிறான் என்பவற்றில் அவன் இயல்பு வெளிப்பட்டுவிடும் என்று உணர்ந்தே வைத்தனர் எனக் கொள்ளலாம்.

இக்கருத்தை நாம் ஏடுகளில் பலமுறை படித்ததுண்டு. ஆயினும் அதன் பொருள் நமக்கு உறைத்தது, விடுமுறைப் பயணம் ஒன்றிற்குத் திட்டம் தீட்ட உட்கார்ந்தபோதுதான். பிழைப்பிற்காகச் செல்லும் பயணத்தில் அறம் பற்றிய கேள்வி எழலாம். இன்பத்திற்காகச் செல்லும் பயணத்தில் அதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எவ்வாறு மாறியது என்பதையும், மாறியபின் நாம் கண்ட முடிவு யாது என்பதையும் அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திட்டம்

தலைநகரில் வாழ்வோர்க்குக் காரிலேயே அயல்நாடு ஒன்றிற்குச் சென்று வருதல் இயலாத செயலன்று. நேபாளத்தின் பொக்காரா நகரம் தில்லியிலிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நகரை ஒட்டிப் பேவா ஏரி கிடக்கிறது. வடக்கே அன்னபூர்ணா மலைத்தொடர் நிற்கிறது. காற்று அடங்கிய விடியற்போதில், 6,993 மீட்டர் உயரமுள்ள மச்சபுச்சரே, அதாவது மீன்வால் சிகரம், அவ்வேரியில் தலைகீழாகத் தோன்றும். இக்காட்சியைப் படத்தில் கண்ட நாள்முதல் அதை நேரில் காணும் ஆவல் எம் இல்லத்தார் அனைவருக்கும் இருந்தது.

விமானத்தில் சென்றால் விரைவில் சேரலாம். ஆயின் வழியையும் கண்டு செல்லவேண்டும் என்பது நம் விருப்பம். ஆதலின் சாலைவழியே செல்வதென்றும், சாலைகளுள்ளும் காட்சிநலம் மிக்கதைத் தேர்ந்துகொள்வதென்றும் முடிவாயிற்று.

மூன்று வழிகள் தென்பட்டன. உத்தராகண்டத்தின் பன்பசாவில் எல்லையைக் கடந்து, நேபாளத்தின் மேற்குத் தராய்க் காடுகளினூடே கிழக்கு நோக்கிச் செல்வது ஒன்று. லக்னோ, கோரக்பூர் வழியாகச் சுனௌலியில் எல்லையைக் கடந்து, பூட்வல், நாராயண்காட், முக்லிங் என்று சுற்றிச் செல்வது மற்றொன்று. பூட்வலிலிருந்து நேரே வடக்கில் மலையேறி, தான்சேன், வாலிங், சியாங்ஜா ஆகிய ஊர்களின் வழியே செல்லும் சித்தார்த்த நெடுஞ்சாலை மூன்றாவது. இந்தியாவின் உதவியுடன் அமைந்த சாலை அது. எல்லையிலிருந்து பொக்காரா வரை ஏறத்தாழ 180 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுகள் எண்ணற்றவை. ராம்தி என்னுமிடத்தில் அது காளி கண்டகி ஆற்றைக் கடக்கிறது. சாளக்கிராமக் கற்கள் கிடைப்பது அந்த ஆற்றில்தான். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாகிய சாளக்கிராமத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். தமிழ்ப் பாட்டு என்றோ எட்டிவிட்ட ஆற்றங்கரையை நாமும் எட்டலாம் என்ற எண்ணமும் சேர, மூன்றாம் வழியையே தேர்ந்தோம்.

அடுத்தது பருவம். மழைக்காலத்தில் இம்மலைச் சாலைகளில் மண்சரிவு மிகுதி. 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் நேர்ந்த சரிவு இரு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றில் தள்ளியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவற்றில் இருந்தனர். ஆகவே மழை நின்றபின் செல்வதே தக்கது. அக்டோபர் மாதத்தில் வானம் தெளிந்து சிகரங்கள் தோன்றும். ஆனால் தசாயின் திருவிழாவை ஒட்டிச் சாலைகளில் பேருந்துகளும் வண்டிகளும் நிறைந்திருக்கும் என்று அறிந்தோம். ஆதலின் நவம்பர் இறுதியைக் குறித்துக்கொண்டோம்.

எல்லையைக் கடக்க இந்தியர்க்கு விசா வேண்டா. கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். வண்டிக்கு மட்டும் 'பன்சார்' எனப்படும் சுங்க அனுமதியை நாள் கணக்கில் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். எல்லைக்கு அப்பால் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளிவைக்கவேண்டும். இவற்றையெல்லாம் ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதினோம்.

நமக்குக் கிடைத்தது ஒன்பது நாள் விடுப்பு. முதல்நாள் இருள் விலகுமுன் புறப்பட்டு இரவு கோரக்பூர். மறுநாள் இரவு பொக்காரா. ஐந்து முழு நாள்கள் ஏரிக்கரை. திரும்பும்போதும் அதேபோல் இரண்டு நாள். தாளில் நான்கு பத்திகள் கோடிட்டோம்: இடம், தொலைவு, நேரம், தாமதம். 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலையிலும் 2016-இல் திறக்கப்பட்ட ஆக்ரா–லக்னோ விரைவுச்சாலையிலும் தாமதப் பத்தி வெறுமையாகவே இருந்தது. கோரக்பூருக்கு அப்பால் அது நிறையத் தொடங்கிற்று. ஃபரேந்தா கடைத்தெரு, அரை மணி. நௌதன்வா, கால் மணி. சுனௌலி லாரி வரிசை, ஒன்றரை மணி. வாலிங் பள்ளி விடும் நேரம், கால் மணி. அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிப் பழகிய கை அன்றோ! திட்டம் திருத்தமாக அமைந்துவிட்டதாக மகிழ்ந்தோம்.

'தாமதம்' என்ற சொல்

அன்று மாலை நம் மனைவியார் அத்தாளை எடுத்துப் பார்த்தார். "ஃபரேந்தாவில் அரை மணி தாமதம் என்று போட்டிருக்கிறீர்களே, அங்கே என்ன?" என்று கேட்டார். "சந்தை கூடுமாம், சாலையெல்லாம் ஆட்கள்" என்றோம். "சந்தைக்கு வருகிறவர்களுக்கும் அது தாமதம்தானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே சென்றுவிட்டார். அவர் அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. ஆயினும் அக்கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நாம் பிறந்தது வத்தலக்குண்டுக்கு அருகே, கொடைக்கானல் செல்லும் சாலையோரச் சிற்றூரில். கொடைக்கானல் ஏரி 1863-இல், மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்பவரின் முயற்சியால் அமைந்தது. அவ்வேரியைக் காண ஆண்டுதோறும் சித்திரை, வைகாசி மாதங்களில் கார்கள் எம் ஊரைக் கடந்து செல்லும். சிறுவர்களாகிய நாம் புளியமரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டிருப்போம். மலையை அண்ணாந்து பார்த்தபடி வளர்ந்தும், பதினாறு வயது வரை அந்த ஏரியை நாம் கண்டதில்லை. அவர்களுக்கு ஏரி, எமக்கு அவர்கள் கிளப்பிச் சென்ற புழுதி.

எம் பெரியம்மா அச்சாலையோரம் கூடையில் வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் வைத்து விற்பார். ஒரு வைகாசிப் பிற்பகலில், வளைவில் விரைந்து திரும்பிய கார் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. கூடை பறந்தது. கார் சற்றுத் தயங்கிற்று. பின்கண்ணாடி வழியே சிறுவன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். பிறகு கார் போய்விட்டது. பெரியம்மாவின் இடக்கால் முறிந்தது. அதன்பின் இறுதிவரை கோலூன்றியே நடந்தார்.

காரில் சென்றோரை ஊரார் பலவாறு ஏசினர். பெரியம்மா மட்டும், "பிள்ளைகள வச்சுக்கிட்டு ஏரி பாக்கப் போற அவசரம், என்ன செய்வாக" என்றார். அச்சொல்லை நாம் அப்போது வெறும் பெருந்தன்மை என்றே நினைத்தோம். நாற்பது வயதைக் கடந்தபின், தில்லியில் நம் மேசைமேல் விரித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான் அதன் உண்மை தெரிந்தது. அந்தக் காரை ஓட்டியவரும் புறப்படுமுன் இப்படியொரு தாள் எழுதியிருப்பார். இருட்டுமுன் மலையேறிவிடவேண்டும் என்று அதில் இருந்திருக்கும். எம் ஊரின் பெயர் அதில் இருந்திருந்தால், தாமதம் என்ற பத்தியில்தான் இருந்திருக்கும்.

நமக்கு வழியாக இருப்பது மற்றொருவருக்கு ஊராக இருக்கிறது. இவ்வெளிய உண்மையை வழிப்போக்கன் மறக்கிறான். மறப்பது வண்டியில் ஏறியபின் அன்று. திட்டம் தீட்டும்போதே மறந்துவிடுகிறான்.

இரு மறுப்புகள்

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் நேர்மையாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதல் மறுப்பு: மனிதனுக்குக் கிடைப்பது சில நாள் விடுப்பு, ஆயிரம் கிலோமீட்டரில் நூற்றுக்கணக்கான ஊர்கள், ஒவ்வோர் ஊரோடும் உறவு கொண்டாட இயலுமா? கடந்து செல்வதில் என்ன தீங்கு? இது நியாயமான கேள்வியே. கடந்து செல்வது தீங்கன்று. உலகில் எவரும் எல்லா ஊரிலும் தங்க இயலாது. ஆனால் ஓர் ஊரைக் கடந்து செல்வது வேறு. அவ்வூரை இல்லாததாகக் கருதுவது வேறு. அண்டை வீட்டு வாயிலைக் கடக்கும்போது நாம் உள்ளே நுழைவதில்லை. ஆனால் அங்கே ஒரு வீடு இருப்பதை அறிந்து நடக்கிறோம். குரலைத் தாழ்த்துகிறோம்; திண்ணையில் முதியவர் இருந்தால் ஒதுங்குகிறோம். வேண்டப்படுவது இவ்வளவே.

செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறநூலில், எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளாது, அவரும் தமக்கென ஒரு நோக்குடையவர் என்று மதித்து நடக்கவேண்டும் என நிறுவினார். தாம் பிறந்த கோனிக்ஸ்பர்க் நகரை விட்டு நெடுந்தொலைவு செல்லாதவர் அவர். ஆயினும் அவர் கூறியது வழிப்போக்கனுக்கு மிகவும் பொருந்தும். அவர் மறுத்தது மனிதரைக் கருவியாக மட்டும் கொள்வதை. நம் திட்டத்தாளோ அதனினும் ஒருபடி கீழே சென்றிருந்தது. கருவியாக இருப்பவனுக்கேனும் ஒரு பயன் உண்டு. ஃபரேந்தா சந்தைக்கு வரும் உழவரை நாம் கருவியாகவும் கொள்ளவில்லை, இடையூறாகவே குறித்திருந்தோம்.

இரண்டாம் மறுப்பு: பயணிகளால் வழியிலுள்ளோர்க்கு வருவாய் கிடைக்கிறது, தேநீர்க் கடைகளும் விடுதிகளும் பிழைக்கின்றன, அதுவே நாம் அவர்களுக்குச் செய்யும் நன்மை அன்றோ? உண்மையே. பொக்காரா நகரத்தார் பல்லாயிரவர் பயணிகளால் வாழ்கின்றனர். ஆனால் நன்மை கொடுக்கல் வாங்கலோடு முடிவதாயின், நமக்கு எதையும் விற்காதவர்க்கு நாம் கடமைப்பட்டவரல்லர் என்று ஆகும். சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுமி நம்மிடம் எதையும் விற்கவில்லை. அவளுக்கு நாம் தரவேண்டியது பணமன்று, வேகத்தைக் குறைப்பது. எம் பெரியம்மாவிடம் கொய்யா வாங்கிய கார்களும் உண்டு. ஒரு காரேனும் வளைவில் மெதுவாகத் திரும்பியிருந்தால் அதுவே பெரிதாக இருந்திருக்கும்.

ஆற்றுப்படை காட்டும் வழி

வழி வகுத்துச் சொல்லும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறுவதே அவற்றின் அமைப்பு. முருகப்பெருமானிடம் வழிகாட்டும் திருமுருகாற்றுப்படை மட்டும் அருள்நெறியில் அமைந்தது.

இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயர் விளங்கும் அவ்வழிகாட்டிகளை நம் கைப்பேசி வழிகாட்டியோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். கைப்பேசி தொலைவையும் நேரத்தையும் சொல்கிறது. ஆற்றுப்படை வழியில் இருப்பவர் யார் என்று சொல்கிறது. இன்ன நிலத்தில் இன்ன மக்கள் வாழ்வர், அவர் தொழில் இது, உணவு இது, நீங்கள் சென்றால் இவ்வாறு வரவேற்பர் என்று ஒவ்வொன்றாக விரிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊருக்குச் செல்லும் பாணன் நெய்தல், முல்லை, மருதம் என்னும் நிலங்களைக் கடக்கிறான். ஒவ்வொன்றிலும் அங்குள்ளோர் இடும் உணவு வேறு. வள்ளலின் ஊர் பயணத்தின் முடிவுதான். ஆனால் பாட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது வழி.

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் மலைவழிக்கே இலக்கணம் போன்றது. 583 அடிகள் கொண்டது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைப்பாதையின் இடர்கள் அதில் எடுத்துச் சொல்லப்படுகின்றன. தினைப்புனம் காப்போர் யானைகளை விரட்டக் கவணால் எறியும் கற்கள் வந்து விழக்கூடும். வழுக்கும் பாறைகள் உண்டு. பாம்புகள் உறையும் இடங்கள் உண்டு. இவ்வளவும் கூறும் அந்நூல் கானவரைக் குற்றம் சொல்வதில்லை என்பது நோக்கத்தக்கது. கல் பறப்பது நம்மைத் தாக்கவன்று, அவர்தம் தினையைக் காக்க. அவர்தம் வாழ்க்கையின் நடுவே நாம் செல்கிறோம். ஆதலின் பார்த்துச் செல்லவேண்டியவர் நாமே. அவ்வழியில் கல்லுக்கு அஞ்சிச் சென்ற கூத்தரே அடுத்த குடியில் விருந்தும் உண்கிறார்.

பூட்வலுக்கு வடக்கே சித்தபாபா கோயிலை ஒட்டிய பகுதியில் இன்றும் மலைமேலிருந்து கற்கள் உருண்டு விழுவதுண்டு. நம் தாளில் அதைக் குறித்தபோது மலைபடுகடாம் நினைவிற்கு வந்தது. கல்லைக் குறித்தோம், மக்களைக் குறிக்கவில்லை. நமக்கும் பெருங்கௌசிகனார்க்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இரு தூண்கள்

நம் வழியின் தொடக்கத்தில் ஒன்றும் இடையில் ஒன்றுமாக அசோக மன்னர் நிறுவிய இரு தூண்கள் உள்ளன. தில்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்பது ஒன்று. இன்றைய அரியானாவிலுள்ள தோப்ராவில் இருந்ததைப் பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் இங்குக் கொணர்ந்து நிறுத்தினார். தலைநகரத் தமிழர் பலர் அதைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்கின்றனர். அசோகரின் ஏழாம் தூண்கட்டளை முழுமையாக அத்தூணில் மட்டுமே காணப்படுகிறது. சாலையோரங்களில் மனிதர்க்கும் விலங்குகட்கும் நிழல் தர ஆலமரங்கள் நட்டதையும், மாந்தோப்புகள் வைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும், தங்குமிடங்களும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்ததையும் மன்னர் அதில் பொறித்துள்ளார். இவையெல்லாம் சிறிய நலன்களே, மக்கள் அறத்தைப் பின்பற்றவேண்டும் என்பதே தம் நோக்கம் என்றும் அதில் கூறுகிறார்.

சாலையைப் பற்றிய இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடைய இக்கட்டளையில் விரைவு பற்றிய பேச்சே இல்லை. நிழலும் நீரும் பேசப்படுகின்றன. நிழல் செல்பவனுக்கும் உண்டு, அங்கேயே இருப்பவனுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. சாலை என்பது பொதுச்சொத்து என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் தூண் எல்லைக்கு அப்பால் பைரவா நகருக்கு மேற்கே, புத்தர் பிறந்த லும்பினியில் உள்ளது. 1896-இல் அது அடையாளம் காணப்பட்டது. முடிசூடிய இருபதாம் ஆண்டில் அசோகர் அங்கு நேரில் வந்து வணங்கியதையும், புத்தர் பிறந்த ஊர் என்பதால் அதற்கு வரிச்சலுகை அளித்ததையும் அது கூறுகிறது. பேரரசர் ஒருவர் நெடுவழி வந்து ஓர் ஊரைக் கண்டார்; கண்டதன் அடையாளமாக அவ்வூராரின் சுமையைக் குறைத்துச் சென்றார். வரியைக் குறைக்க நமக்கு அதிகாரமில்லை. ஆயினும் நாம் வந்து சென்றதால் ஓர் ஊரின் சுமை கூடாதிருக்கச் செய்வது நம் கையில் உள்ளது.

ஏரியும் ஓர் ஊரே

வழியைப் பற்றி இவ்வாறு எண்ணத் தொடங்கியபின், சேருமிடமாகிய ஏரியும் வேறாகத் தோன்றலாயிற்று. பேவா ஏரியில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழும் ஜலாரி மக்கள் உள்ளனர். ஏரித்தீவில் தால் பாராகி அம்மன் கோயில் உள்ளது. சனிக்கிழமைகளில் நேபாள மக்கள் படகேறி வழிபடச் செல்கின்றனர். நமக்குக் காட்சியாக இருப்பது அவர்களுக்குத் தொழிலும் தெய்வமும்.

அவ்வேரி ஆண்டுதோறும் சுருங்கியும் வருகிறது. மேற்கிலிருந்து வந்து சேரும் ஹர்பன் ஆறும் பிற ஓடைகளும் மலைமண்ணை வாரிக்கொணர்ந்து அதில் சேர்க்கின்றன. மலைச்சரிவுகளில் முறையின்றி வெட்டப்பட்ட மண்சாலைகள் அவ்வரிப்பை மிகுவிக்கின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அச்சாலைகளும் மலையூர் மக்களுக்குத் தேவையானவையே. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அவர்கள் அவற்றிலேதான் செல்லவேண்டும். ஆனால் காட்சிமேடைக்கு மேலும் ஒரு சாலை, விடுதிக்கு மேலும் ஒரு சாலை என்று கேட்கும் நம்மைப் போன்றோர்க்கும் அவ்வண்டலில் ஒரு பங்கு உண்டு. ஏரியைக் காண வெட்டிய வழி ஏரியைத் தூர்க்கிறது என்பதைவிட நம் சிந்தனைக்குக் கடுமையான பாடம் வேறில்லை.

அவ்வேரியில் நிழல் விழும் மீன்வால் சிகரமோ மற்றொரு பாடம் தருகிறது. 1957-இல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் சென்ற ஆங்கிலேயக் குழுவினருள் இருவர் உச்சிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் கீழே வரை ஏறித் திரும்பினர். அதன்பின் அம்மலை ஏறுவோர்க்கு மூடப்பட்டது. உள்ளூர் மக்கள் அதைப் புனிதமாகக் கருதுகின்றனர். கண்ணுக்கு எட்டுவதெல்லாம் காலுக்கும் எட்டவேண்டும் என்பதில்லை. நின்று பார்க்கவேண்டிய இடத்தில் நிற்பதும் பயணத்தில் ஒரு பகுதியே.

திருத்திய திட்டம்

தாளை மீண்டும் எழுதினோம். விடுப்பு கூடவில்லை, அதே ஒன்பது நாள்கள்தாம். ஆதலின் எதையேனும் விடவேண்டியிருந்தது. முதல்நாள் லக்னோவோடு நின்றோம். இரண்டாம் இரவு லும்பினி. மூன்றாம் இரவு தான்சேன். நான்காம் நாள் பிற்பகல்தான் பொக்காரா. திரும்புதற்கு மூன்று நாள்கள். இருட்டியபின் மலையில் ஓட்டுவதில்லை என்று குறித்தோம். ஏரிக்கரையில் ஐந்து முழு நாள்களாக இருந்தது இரண்டாயிற்று. நம் மகளுக்கு முகம் வாடிற்று. "போவது ஏரிக்கா, வழிக்கா?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு அவள் நிறைவடையுமாறு விடை கூற நம்மால் அன்று இயலவில்லை. அறம் என்பது பெரும்பாலும் பிறர் கைப்பொருளைக் கொண்டு செய்யப்படுகிறது. அவளுடைய மூன்று நாள்களையும் கொண்டே நாம் இதைச் செய்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தசாயின் நெரிசல் என்று முன்பு எழுதியிருந்ததும் உறுத்திற்று. நகரங்களில் வேலை செய்வோர் பெரியோரிடம் திலகமும் வாழ்த்தும் பெறத் தம் ஊர் திரும்பும் நாள்கள் அவை. பொங்கலுக்கு இரயிலில் இடம் கிடைக்காமல் தில்லியில் தவித்த நாம் அதை நெரிசல் என்று எழுதியிருந்தோம். அந்நாள்களைத் தவிர்த்தது சரியே. ஆனால் நம் வசதிக்காகத் தவிர்ப்பது வேறு. அது அவர்களுடைய வழி என்று ஒதுங்கி நிற்பது வேறு. செயல் ஒன்றாயினும் நெறி ஒன்றன்று.

சென்றோம். எல்லாம் நாம் எண்ணியவாறே நடந்தது என்று சொல்வதற்கில்லை. சியாங்ஜாவுக்கு இப்பால் ஒரு வளைவில் திருமண ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்து வந்தது. அது அவர்கள் நாட்டில் திருமண மாதம். பஞ்சே பாஜா எனப்படும் மேளமும் கொம்பும் முழங்க, மெல்ல நடந்து வந்தனர். இத்தனை எண்ணிப் புறப்பட்ட நம் கை, தன்னையறியாமல் ஒலிப்பானுக்குத்தான் போயிற்று. ஒருமுறை ஒலித்தும் விட்டது. ஊர்வலத்தில் வந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். சினமில்லை, வெறுமனே பார்த்தார். வண்டியை நிறுத்தி இறங்கி நின்றோம். இருபது நிமிடம் ஆயிற்று. மனத்தில் தெளிந்த அறம் கைக்கு வந்துசேர நெடுநாள் ஆகும் என்பதை அந்த இருபது நிமிடத்தில் உணர்ந்தோம்.

அப்பால் சில கிலோமீட்டரில் சாலையோரம் பெண்கள் கூடைகளில் ஆரஞ்சுப் பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தனர். அம்மாவட்டம் ஆரஞ்சுக்குப் பெயர்பெற்றது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்தினோம். மகள் இறங்கிப் பழம் வாங்கினாள். விற்றவர் வயது எம் பெரியம்மாவின் அந்நாள் வயதாக இருக்கும். அவர் மொழி நமக்குத் தெரியாது. இரண்டு பழம் கூடுதலாக மகள் கையில் வைத்தார். அன்று மாலை ஏரிக்கரையில் அமர்ந்து அவற்றை உரித்துத் தின்றோம். மேகம் மூடியிருந்ததால் அன்று சிகரம் தெரியவில்லை. மறுநாள் விடியலில் தெரிந்தது.

இன்பத்தை நாடிச் செல்வது குற்றமன்று. அழகிய வழியைத் தேர்வதும் குற்றமன்று. கண் பெற்ற பயன் அது. ஆனால் அவ்வழி நமக்காக விரித்த கம்பளமன்று. அதன் இருமருங்கும் மக்கள் பிறந்து, படித்து, மணந்து, விற்று, வாங்கி, முதிர்ந்து வாழ்கின்றனர். அவர்கள் ஊரில் நாம் சிறிதுநேர விருந்தினர். விருந்தினனுக்குரிய அடக்கத்தோடு சென்றால் பாதையாகிய நெறியும் ஒழுக்கமாகிய நெறியும் ஒன்றாகும். அடுத்த பயணத்திற்குத் தாள் எடுக்கும்போது, தாமதம் என்றொரு பத்தி கோடிடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். அந்த இடத்தில் ஊர்ப்பெயர்களை எழுதினாலே போதும்.